பதினேழாம் எண் கதையின் கடைசி வரி

லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றபோது, பரீதா சரியாக ஒன்பதாவது நிமிடத்தில் இருந்தாள்.

ஒன்பதாவது நிமிடம் என்றால், கதையின் ஒன்பதாவது நிமிடம். அவள் வேலை அப்படி. வானொலியில் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அரை மணி நேரம் சிறுகதை வாசிப்பு. எட்டு வாரம், எட்டுக் கதைகள். கதை கேட்பது, தேர்ந்தெடுப்பது, எழுத்தாளரோடு மல்லுக்கட்டுவது, வாசிக்க ஆள் பிடிப்பது எல்லாம் அவள்தான். எந்தக் கதையாக இருந்தாலும் கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு, வாய்விட்டு வாசித்துப் பார்க்காமல் சரி என்று சொல்ல மாட்டாள். பதினான்கு நிமிடத்துக்குள் கதை முடிய வேண்டும், மீதி நேரம் பாட்டுக்கும் விளம்பரத்துக்கும். அதே நேரத்தில் வயிற்றில் என்னவோ செய்யவும் வேண்டும்.

வீட்டில் வாசித்தால் அம்மா, "பொண்ணு தனியாப் பேசுதுன்னு எதிர்வீட்டுல நெனைக்கப் போறாங்க" என்பார். அலுவலகத்தில் வாசித்தால் சிரிப்பார்கள். அதனால் பரீதா ஆளில்லாத இடமாகப் பார்த்து வாசிப்பாள். படிக்கட்டு, பேருந்து நிறுத்தம்... இன்றைக்கு, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் லிஃப்ட். நான்காம் மாடியில் பூவம்மாவின் தையல் கடையில் தைக்கக் கொடுத்திருந்த பாஜு குரோங் உடையை வாங்கத்தான் வந்தாள். வழியில் ஒரு கதை.

"யா அல்லாஹ்!"

விளக்கு ஒரு முறை அணைந்து எரிந்தது. அவசர உதவிக்கான மஞ்சள் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

ஒலிபெருக்கியில் கரகரவென்று ஒரு சத்தம்... அப்புறம் ஓர் ஆண் குரல்.

"ஒரு தடவை அழுத்தினாப் போதுங்க. பயப்படாதீங்க. நான் இருக்கேன்."

பரீதாவுக்குப் பயம் போய்விட்டது. ஆச்சரியம் வந்துவிட்டது. 'நான் இருக்கேன்' என்பதை இவ்வளவு நிதானமாக, இவ்வளவு பக்கத்தில் இருந்து சொல்வதுபோலச் சொல்லும் ஒரு குரலைத்தான் அவள் இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள். வாசிப்பதற்குத்தான். வேறு எதற்குமில்லை... அப்போதைக்கு.

"டெக்னீஷியன் பூன் லேயிலேருந்து வரணும். இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்."

"பூன் லேயா? ஊரோட அந்தக் கோடியாச்சே! அதுக்குள்ள நான் கிழவியாயிடுவேன்."

"ஆக மாட்டீங்க. இருபத்தஞ்சு நிமிஷம் வயசு கூடும், அவ்வளவுதான்."

பரீதா சிரித்துவிட்டாள். மாட்டிக்கொண்ட லிஃப்டில் சிரித்த முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

"ஏதாவது பேசிக்கிட்டே இருங்க. பேசினா நேரம் போறது தெரியாது. கையில படிக்க ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"ஒரு கதை. ரேடியோவுக்கு."

"அப்ப வாசிங்களேன். நானும் கேக்குறேன்."

வாசித்தாள். முதலிலிருந்து வாசித்தாள். எல்லையில், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பேருந்துக்கு நிற்கும் வரிசை. தினமும் மலேசியாவின் ஜொகூரிலிருந்து வேலைக்கு வரும் ஒருவன். அதே வரிசையில் நான்கு பேருக்கு முன்னால் ஒருத்தி. இரண்டு வருடம். அவள் தோளில் விழும் மழைத்துளியைக்கூட அவன் எண்ணி வைத்திருக்கிறான். ஒரு நாள் அவளுக்கு வேலை மாறுகிறது. இனி வர மாட்டாள். கடைசி நாள்... 'அவன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். பேருந்து கிளம்பியது.'

வாசித்து முடித்துத் தாளை மடித்தாள்.

"ஹலோ? இருக்கீங்களா?"

"இ... இருக்கேன். நீங்க ரொம்ப நல்லா வாசிக்கிறீங்க."

"நான் நல்லாத்தான் வாசிக்கிறேன். கதைதான்..."

"கதை?"

"மழையை எழுதியிருக்காரு பாருங்க, அப்படியே நனைஞ்சிட்டேன். ஆனா ஹீரோ இருக்கானே, சரியான கட்டை! ரெண்டு வருஷமாப் பாக்குறான், பாக்குறான், பாத்துக்கிட்டே இருக்கான். கடைசி நாளும் ஒரு பார்வை. இந்த ரைட்டர் வாழ்க்கையில ஒரு பொண்ணுகிட்ட மணி எத்தனைன்னுகூடக் கேட்டிருக்க மாட்டாரு!"

"கண்ணு பேசினாப் போதாதா மேடம்?"

"ரேடியோவுல கண்ணு ஏதுங்க? வாயைத் திறந்து சொல்லணும். அதுவும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லணும். இல்லேன்னா யாரு யார்கிட்ட பேசுறாங்கன்னு கேக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்? இதுல அந்தப் பொண்ணுக்குப் பேரே இல்ல!"

"அப்படிங்களா..." என்றது குரல். அதில் ஒரு சின்ன வருத்தம் இருந்தது. பாவம், நல்ல ரசிகர் என்று பரீதா நினைத்துக்கொண்டாள்.

டெக்னீஷியன் வந்து கதவைத் திறந்ததும் ஓடிப்போய்த் துணி வாங்கினாள். குரலின் பெயரைக் கேட்க மறந்ததைப் பேருந்தில் ஏறிய பிறகுதான் உணர்ந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

*

"கடைசிக் கதை லைவ்," என்றார் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ரமணன். "மேலிடத்துல எல்லாரும் கேப்பாங்க. நல்லா வந்தா இன்னும் ஒரு வருஷம் ஓடும். இல்லேன்னா அந்த அரை மணி நேரத்தைப் பிறந்தநாள் வாழ்த்துக்குக் கொடுத்திரலாம்னு பேச்சு."

பிறந்தநாள் வாழ்த்து! பரீதா ஒன்றரை வருடம் கெஞ்சி வாங்கிய அரை மணி நேரம் அது.

அன்றே, லிஃப்டில் வாசித்த பதினேழாம் எண் கதையைத் தேர்ந்தெடுத்தாள். முடிவை மட்டும் மாற்றிவிட்டால் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கதைகளில் எழுதியவர் பெயர் இருக்காது, எண்தான். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று சிபாரிசு வந்து குவியும் என்பதால் அவளே போட்ட சட்டம். பெயர் இருந்த உறையைப் பிரித்தாள். ஜாஃபர், உட்லண்ட்ஸ். கீழே கைப்பேசி எண். சனிக்கிழமை நான்கு மணி, தேக்கா சாப்பாட்டுக் கடை என்று செய்தி அனுப்பினாள். 'சரி' என்று ஒரே ஒரு சொல் பதிலாக வந்தது.

சனிக்கிழமை மழை கொட்டியது. பரீதா இரண்டு கோப்பை தே தாரிக் தேநீர் வாங்கி மேசையில் வைத்துக் காத்திருந்தாள். எழுத்தாளருக்கு ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டிருப்பார், தமிழின் எதிர்காலத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

வந்தவனுக்கு முப்பதுதான் இருக்கும். தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது. இமைகளிலும் இரண்டு துளி. அந்த இமைகளுக்குக் கீழே, பார்க்கலாமா வேண்டாமா என்று தயங்கும் இரண்டு கண்கள்... அவை அவளை ஒரு நொடி பார்த்துவிட்டு, சட்டென்று தே தாரிக்கைப் பார்க்கப் போய்விட்டன. 'அடேயப்பா, இந்தக் கண்ணுக்கு இவ்வளவு வெட்கமா?' என்று பரீதாவின் தலையை மூடிய டுடோங்குக்குள் காது சூடானது.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஜாஃபர்."

"வ அலைக்கும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அந்தக் குரல்!

"நீங்க... லிஃப்ட்!"

"லிஃப்ட் இல்லங்க. லிஃப்ட் கம்பெனி."

இப்படியும் நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நடக்கும். சிங்கப்பூரில் தமிழில் கதை எழுதுபவர்கள் எல்லோரையும் இரண்டு லிஃப்டில் ஏற்றிவிடலாம். அதில் ஒருவர் வெளியே இருந்து பேசியதில் என்ன அதிசயம்?

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல, எழுதினது நான்தான்னு?"

"நீங்க கட்டைன்னு சொன்னதுக்கப்புறம்... எப்படிங்க?"

"அதுக்கு முன்னாடி சொல்றது!"

"முன்னாடி..." அவன் தே தாரிக்கிடமே பேசினான். "வாசிச்சிக்கிட்டிருந்தீங்க. நிறுத்த மனசு வரல."

பரீதா அவசரமாக ஒப்பந்தத் தாளை எடுத்தாள். வெட்கம் வரும்போதெல்லாம் தாளை எடுப்பது அவள் வழக்கம். விஷயத்துக்கு வந்தாள். இரண்டே மாற்றம். பெண்ணுக்குப் பெயர் வைக்க வேண்டும். கடைசியில் அவன் வாய் திறக்க வேண்டும்.

"அது முடியாதுங்க."

"ஏன் முடியாது?"

"அவ பேரு அவனுக்கே தெரியாது. தெரியாத பேரை... நான் எப்படி வைக்கிறது?"

"ஏதாவது ஒரு பேரு வைங்க லா!"

ஜாஃபர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான். "ஏதாவது ஒரு பேருக்காக அவன் ரெண்டு வருஷம் வரிசையில நிக்கலங்க."

வாதத்தில் தோற்கும்போது கோபம் வருவது மனித இயல்பு. பரீதாவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

"கதையில இருக்கிறவன் மட்டும்தான் கட்டைன்னு நெனைச்சேன். எழுதினவரும் அப்படித்தான்னு இப்பத்தான் தெரியுது!"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். அவன் முகம் சுருங்கியது. ஏதோ சொல்ல வாய் எடுத்தான். வரவில்லை. மறுபடி முயன்றான்... வரவில்லை.

"கதை வேணாங்க," என்று மட்டும் சொன்னான். மழை விடும்வரைகூட நிற்காமல் இறங்கிப் போய்விட்டான். தே தாரிக்கை அவன் தொடவே இல்லை. கோபத்தில் பரீதாவே இரண்டையும் குடித்தாள்.

*

அடுத்த நாட்களில் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. நான்காம் எண் கதை இருபத்திரண்டு நிமிடம் ஓடியது. பதினொன்றாம் எண் கதையில் நான்கு பேர் செத்தார்கள், ஒருவர்கூடக் கேட்பவருக்கு அறிமுகமாகவில்லை. இருபதாம் எண் கதை, கதையே இல்லை. நன்கொடை கேட்டு யாரோ எழுதிய கடிதம் தவறிப்போய்க் கலந்திருந்தது.

நடுநடுவே பதினேழை எடுத்துப் புரட்டினாள். வாசிக்கும்போது அவள் குரல் கேட்கவில்லை. அவன் குரல்தான் கேட்டது. மழைத்துளியை எண்ணியவன் கட்டையா? இரண்டு வருடம் ஒருத்தியை இவ்வளவு கவனமாகப் பார்த்தவனுக்கா அந்தப் பெயரை வைத்தோம்? வியாழக்கிழமை மதியம் தன்மானத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். செய்தி அனுப்பினால் ஒரு சொல்லில் பதில் வரும். அவன் வாயைத் திறக்கும் இடம் ஒன்றுதான் உண்டு.

அதே கட்டடம். அதே லிஃப்ட். நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டில் நின்று மஞ்சள் பொத்தானை அழுத்தினாள். ஒரே ஒரு தடவை.

"வணக்கம். பயப்படாதீங்க, நான்..."

"ஜாஃபர், பரீதா பேசுறேன்."

"மேடம், உங்க லிஃப்ட் ஓடிக்கிட்டிருக்கு. எனக்கு ஸ்கிரீன்ல தெரியுது. இப்ப மூணாவது மாடி."

"லிஃப்ட் ஓடுது. எனக்குத்தான் ஒண்ணும் ஓடல."

"இது... அவசரத்துக்கு மட்டும்தாங்க."

"அவசரம்தான். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு என்கிட்ட கதை இல்ல. அதவிட அவசரம், கட்டைன்னு சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க."

"ரெண்டு தடவை சொன்னீங்க."

"அப்ப ரெண்டு தடவை மன்னிச்சிருங்க."

நான்காம் மாடியில் கதவு திறந்து, துணி மூட்டையோடு பூவம்மா ஏறினார். பரீதா வாயில் விரல் வைத்துக் காட்டினாள். பூவம்மாவுக்கு விஷயம் என்னவென்று தெரியாது. ஆனால் விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதனால் அவர் கீழே போயும் இறங்கவில்லை.

"நீங்க சொன்னதுல தப்பில்லங்க," என்றான் ஜாஃபர். இப்போது தயக்கமே இல்லாமல் பேசினான். "ஆளை நேர்ல பாத்தா எனக்குப் பேச்சு வராது. சின்ன வயசுலேருந்தே அப்படி. அன்னிக்குத் தேக்காவுல உங்களைப் பாத்ததும் சொல்லணும்னு எவ்வளவோ வந்துச்சு. வாயில வந்தது கதை வேணாங்கிறது மட்டும்தான்."

"இப்ப நல்லாப் பேசுறீங்களே."

"இப்ப நீங்க தெரியலையே."

"ரேடியோவுலயும் யாரும் தெரிய மாட்டாங்க ஜாஃபர். நீங்களே வந்து வாசிங்க. முடிவை மாத்த வேணாம். அவளுக்குப் பேரும் வேணாம். நீங்க எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்."

பூவம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"சரின்னு சொல்லுங்க தம்பி! நான் மூணு தடவை மேலயும் கீழயும் போயிட்டேன். துணியெல்லாம் கசங்குது."

"அது யாருங்க?" என்று பதறியது குரல்.

"தையல்காரம்மா."

"...சரிங்க. வர்றேன்."

*

ஞாயிறு மாலை நான்கு ஐம்பத்தெட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் ஜாஃபர். இந்தப் பக்கம் கட்டுப்பாட்டு மேசையில் பரீதா. மைக்கில் பேசிப் பார்க்கச் சொன்னாள். அவன் அவளைப் பார்த்தான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

கண்ணாடி! பரீதா இதை எப்படி மறந்தாள்? கேட்கும் ஊரே அவன் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து என்ன பயன், அவள் தெரிகிறாளே! நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். அவள் முதுகைப் பார்த்தும் அவனுக்கு வியர்த்தது. இன்னும் நாற்பது நொடி. பரீதா ஒரு முடிவுக்கு வந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். கையை மட்டும் மேலே நீட்டி, தடவிப் பார்த்து, மைக்கைத் திறந்தாள்.

ஒரு மூச்சு கேட்டது. அப்புறம் அந்தக் குரல்...

மேசைக்கு அடியில், ஒயர்களுக்கு நடுவே, பரீதா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வரிசையில் தானும் நின்றாள். மழை பெய்தது. நான்கு பேருக்குப் பின்னால் ஒருவன் தன்னைப் பார்ப்பதை முதுகில் உணர்ந்தாள். இந்த ஆளிடம் விழுந்துவிட்டோம் என்பது அவளுக்கு அந்த இடத்தில், மேசைக்கு அடியில், சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது.

"அவன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். பேருந்து கிளம்பியது."

முடிந்தது. இனி இசையைப் போட வேண்டும். பரீதா கையை நீட்டித் தடவினாள். பொத்தான் அகப்படவில்லை. அமைதி ஓடிக்கொண்டிருந்தது. நிலையத்தில் ஓர் இயந்திரம் உண்டு. பத்து நொடி சத்தமே வராவிட்டால் ஏதோ கோளாறு என்று அதுவே ஒரு குத்துப்பாட்டை எடுத்துவிடும். ஐந்து... ஆறு... ஏழு...

"இதோட கதையை முடிச்சிருந்தேன்," என்றது குரல்.

பரீதாவின் கை அந்தரத்தில் நின்றது.

"ஆனா ரேடியோவுல கண்ணு இல்லேன்னு ஒருத்தங்க சொன்னாங்க. யோசிச்சுப் பாத்தேன். சரின்னு பட்டுச்சு. அதனால அவன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிட்டான். ஓடிப்போய்ப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவனுக்கு இப்பப் பேரு தெரியும். பரீதா... ரெண்டு வருஷம் இல்ல, ரெண்டு வாரம்கூட ஆகல. ஆனா இனி வர்ற நாளெல்லாம் உங்க பேச்சைக் கேட்டுக்கிட்டே இருக்கணும் போல இருக்கு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு பரீதா. அவ்வளவுதாங்க. கதை முடிஞ்சுது."

பரீதா எழுந்தாள். மேசை இருப்பதை மறந்து எழுந்ததால் மண்டையில் நங்கென்று இடித்தது. ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாட்டைப் போட்டாள்.

கதவு திறந்தது. ரமணன்.

"பரீதா! கதையில பேரே இல்லேன்னு சொன்னீங்களே?"

"கடைசி நிமிஷத்துல... வெச்சிட்டாரு சார்."

"அத்தனை போனும் அடிக்குது! எல்லாருக்கும் ஒரே கேள்வி, அந்தப் பொண்ணு என்ன பதில் சொல்லுச்சுன்னு. மேலிடத்துலேருந்தும் அதையேதான் கேக்குறாங்க. பிறந்தநாள் வாழ்த்தைப் பத்தி இனி யாரும் பேச மாட்டாங்க. ஆனா நான் அவங்களுக்கு என்ன சொல்லட்டும்?"

பரீதாவின் கைப்பேசி அதிர்ந்தது. அம்மா.

"யாருடி அது? எந்த ஊர்க்காரங்க? கூத்தாநல்லூரா?"

"அம்மா, வேலையில இருக்கேன்மா."

"தெரியுது, கேட்டுக்கிட்டுத்தானே இருந்தோம். நல்லாத்தான் வாசிக்கிறான். உங்க அத்தா உன்கிட்ட கேக்கச் சொல்றாரு, என்ன பதில் சொன்னே?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜாஃபர் அசையாமல் உட்கார்ந்திருந்தான். வாசித்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது. ரமணன் நல்ல மனிதர், சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவள், அவன் காதுக்கருவிக்கு மட்டும் கேட்கும் மைக்கின் பொத்தானை அழுத்தினாள். விட்டாள். மறுபடி அழுத்தினாள்.

"ஜாஃபர்..."

அவன் நிமிரவில்லை. ஆனால் கேட்டான் என்பது தெரிந்தது.

"அந்த வரிசையில நின்ன பொண்ணைப் பத்தி ஒரு விஷயம் நீங்க எழுதாம விட்டுட்டீங்க. அவளும் முன்னாடி வர்ற பஸ்ஸையெல்லாம் வேணும்னே விட்டுட்டுத்தான் நின்னா. இவன் வரட்டும்னு. ரெண்டு வருஷமும்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு ஜாஃபர்."

ஜாஃபர் மெதுவாகத் தலையை நிமிர்த்தினான். இந்த முறை அந்தக் கண்கள் எங்கேயும் ஓடவில்லை. அவளையே பார்த்தபடி, நேருக்கு நேராக, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் பேசினான்.

"சரியாக் கேக்கலங்க."

"பொய்! அந்த ஹெட்ஃபோனைக் காலையில நான்தான் டெஸ்ட் பண்ணேன்."

"நல்ல ஹெட்ஃபோன்தாங்க. இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

பாட்டு முடிய இன்னும் ஒரு நிமிடம் நாற்பது நொடி இருந்தது. பரீதா நேரத்தைப் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தாள்.